தோட்டத்தில் விட்டுவைத்த மூலை

தென்காசி வட்டாரத்தில் செடி வளர்ப்போர்க்கு இறைவன் ஆண்டுதோறும் இரண்டு மழைகளை அருளியிருக்கிறார். ஆனியிலும் ஆடியிலும் ஆரியங்காவுக் கணவாய் வழியே மலையைக் கடந்து வரும் தென்மேற்குக் காற்று சாரலைக் கொண்டுவருகிறது. பேரருவியும் ஐந்தருவியும் ஆர்ப்பரிக்கும் அந்த நாள்களைத்தான் மக்கள் 'சீசன்' என்கிறார்கள். பின்னர் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை வந்து குளங்களை நிரப்புகிறது. முன்னது இலையை நனைக்கும் மழை. பின்னது வேரை நனைக்கும் மழை. இரண்டுக்கும் இடையில் வெயில் தன் பங்கைக் குறைவின்றிச் செய்கிறது.

நமது திருச்சபையின் வழிபாட்டு ஆண்டு நான்கு பருவங்கள் கொண்ட நாடுகளில் உருப்பெற்றது. குருமடத்தில் நாம் படித்த நூல்களில் தவக்காலம் என்பது பனி உருகும் காலம். உயிர்ப்பு விழா வசந்தத்தின் விழா. நம் ஊரில் பனி உருகுவதில்லை. ஆயினும் நம் மரங்கள் திருச்சபையோடு ஒத்துழைக்கத் தவறுவதில்லை. மாசியில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும் நாள்களில் வேம்பும் புங்கமும் இலுப்பையும் இலையுதிர்க்கத் தொடங்குகின்றன. பங்குனியில் குருத்தோலை ஏந்திப் பவனி வரும்போது கிளைகள் வெறுமையாக நிற்கின்றன, அல்லது செம்பு நிறத்தில் தளிர்விடத் தொடங்குகின்றன. உயிர்ப்புப் பெருவிழா வந்து சேரும்போது வேம்பு பூத்திருக்கும். அதனைத் தொடர்ந்து சித்திரையில் கொன்றை பொன்னாய்ச் சொரியும். இவற்றுக்கு யாரும் மறைக்கல்வி நடத்தவில்லை. நமது மண்ணில் பிறந்த மரங்களே உயிர்ப்பின் மறையுரையை ஆற்றுகின்றன, கேட்கத்தான் ஆளில்லை.

நமது பங்குக் கோவிலின் பின்புறம், கல்லறைத் தோட்டத்தின் சுவரையொட்டி, ஏறத்தாழ 10 சென்ட் நிலம் உண்டு. அதில் ஒரு பகுதியில் நமது மண்ணுக்குரிய மரங்களை நட்டு வளர்க்கிறோம். ஓர் இலுப்பை, இரண்டு புன்னை, ஒரு மகிழம், வேலியோரம் புங்கம், வாசல் பக்கம் ஒரு சரக்கொன்றை. மற்றொரு பகுதியில் நாம் எதையும் நடவில்லை. அங்கே வந்தவை தாமாக வந்தவை. பறவை கொண்டுவந்தது பாதி. காற்று கொண்டுவந்தது பாதி. சாரலில் தும்பை வெண்மையாகப் பூக்கிறது. நொச்சியும் ஆவாரையும் புதராகி நிற்கின்றன. பிரண்டை சுவரில் ஏறுகிறது. தூதுவளை தன் முள்ளோடு அதனைப் பின்தொடர்கிறது. ஒரு மஞ்சணத்தி மரம் எவரும் அழைக்காமலே வந்து, வெண்ணிறப் பூவின் மணத்தால் தன் இருப்பை அறிவிக்கிறது. இறந்தோரின் ஆன்மாக்களை நினைவுகூரும் நவம்பர் மாதத்தில் செங்காந்தள் தன் இலைநுனிகளால் வேலியைப் பற்றியேறிச் சுடர்விட்டு நிற்கும். தமிழ்நாட்டின் மாநில மலர் அது. அதன் கிழங்கு கொடிய நஞ்சு ஆதலால் சிறுவர்களைத் தொடவிடுவதில்லை. அழகையும் எச்சரிக்கையையும் ஒரே கொடியில் வைத்தவர் இறைவன்.

நம் மண்ணின் மரங்களை வளர்ப்பது கடினமன்று. ஆனால் அவற்றின் காலத்தை அறிந்திருக்க வேண்டும். இலுப்பை விதையைச் சேமித்து வைக்க இயலாது. பழம் விழும் வைகாசி, ஆனியிலேயே அதனை மண்ணுக்குக் கொடுத்துவிட வேண்டும். புன்னையின் ஓட்டை மெல்ல உடைத்து விதைத்தால் விரைவில் முளைக்கும். கொன்றை விதையின் தோல் கடினமானது. சிறிது உரசிவிட்டு ஊறவைக்க வேண்டும். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது முதுமொழி. விதைக்கு அது பொருந்தும். மரக்கன்றுக்கோ நமது ஊரின் ஆடிக் காற்று இரக்கம் காட்டுவதில்லை. சாரலில் நனைந்த மண்ணை மறுநாளே உலர்த்திவிடும். எனவே கன்றுகளை ஐப்பசி மழையில் நடுவதே நமது வழக்கம். முதல் இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். அதன் பின் அவை நம்மை எதிர்பார்ப்பதில்லை. பிள்ளைகளை வளர்ப்பவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

இந்த மூலையைப் பற்றி நமது பங்குப் பேரவையில் ஒரு முறை கருத்து வேறுபாடு எழுந்தது. கோவில் விழா நெருங்கிய நேரம். வெளிநாட்டில் பணிபுரியும் பங்கு அன்பர் ஒருவர் தாராள மனத்துடன் முன்வந்தார். பின்புற நிலம் முழுவதையும் சமன்செய்து, தளக்கற்கள் பதித்து, புல்தரையும் அலங்காரப் பனைகளும் குரோட்டன் செடிகளும் அமைத்துத் தருவதாகக் கூறினார். அவரது எண்ணத்தில் குறையொன்றுமில்லை. 'ஆண்டவரின் இல்லம் அழகாக இருக்க வேண்டாமா? புதர் மண்டிக் கிடந்தால் பாம்பு வராதா? வருவோர் நம் பங்கைப் பற்றி என்ன நினைப்பர்?' என்று அவர் கேட்டார். மூன்றும் நியாயமான கேள்விகளே. பேரவையில் பெரும்பாலோர் அவர் பக்கமே நின்றனர்.

அந்த வாரம் அன்பியக் கூட்டமொன்றில் வயது முதிர்ந்த தாய் ஒருவர் எழுந்தார். கூலி வேலை செய்து பேரப்பிள்ளைகளைக் காப்பாற்றும் கைம்பெண். அவர் பேரவை உறுப்பினர் அல்லர். பொதுவாக வாய் திறப்பவரும் அல்லர். 'சாமி, அந்த மூலையையும் கல்லப் போட்டு மூடிட்டா, பிரண்டைக்கும் தூதுவளைக்கும் நான் எங்க போவேன்? எல்லா வீட்டுலயும் காம்பவுண்டு சுவரு கட்டிட்டாவ. பிள்ளைக்கு இருமல்னா அங்கனதான் நாலு இலை பறிக்கேன்' என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்கு யாரும் உடனே மறுமொழி சொல்லவில்லை.

அவர் கேட்டது சலுகை அன்று. விவிலியம் அவருக்கு வழங்கிய உரிமை. லேவியர் நூலின் 19-ஆம் அதிகாரத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு ஓர் ஆணை தரப்படுகிறது. அறுவடையின்போது வயலின் ஓரம்வரை ஒட்ட அறுக்கக் கூடாது. சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது. திராட்சைத் தோட்டத்தில் உதிர்ந்த கனிகளை எடுக்கக் கூடாது. அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை. அங்கு ஓரத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கு மூலை என்றும் பொருள் உண்டு. பிற்காலத்து யூத மறைநூல் அறிஞர்கள் அம்மூலையைப் பற்றியே ஒரு தனிப் பகுதி எழுதும் அளவுக்கு அது அவர்களது வாழ்வில் இடம்பெற்றது. மோவாபியப் பெண் ரூத்து கதிர் பொறுக்கியது இந்த உரிமையின்படியே. அவ்வாறு வயலோரத்தில் பிழைத்த அந்நியப் பெண்ணின் வழிமரபில்தான் தாவீதும், பின்னர் நம் ஆண்டவரும் தோன்றினர். போவாசு தம் வயலின் ஓரம்வரை அறுத்திருந்தால் மீட்பின் வரலாறு எவ்வழி சென்றிருக்கும்?

பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அசிசி நகரத்து ஏழை ஒருவர் இதே மூலையை வேறொரு கண்ணால் கண்டார். புனித பிரான்சிசு தம் சகோதரர்களின் மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியை எப்போதும் பண்படுத்தாமல் விட்டுவைக்கும்படி கேட்டுக்கொண்டார். அங்குக் காட்டுப் பூக்களும் பூண்டுகளும் தம் விருப்பம்போல் வளர வேண்டும். அவற்றைக் காண்போர் அவற்றைப் படைத்தவரை நோக்கி மனத்தை உயர்த்த வேண்டும் என்பது அவரது எண்ணம். திருத்தந்தை பிரான்சிசு 2015-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாளிட்ட 'லௌதாத்தோ சி' சுற்றுமடலில் இந்நிகழ்ச்சியை எடுத்துக் கூறுகிறார். ஏழைக்கு ஒரு மூலை என்றது பழைய சட்டம். எவருக்கும் பயன்படாதது என்று நாம் எண்ணும் செடிக்கும் ஒரு மூலை என்றார் அசிசியார். அந்தத் தாய்க்கோ இவ்விரண்டும் ஒன்றாகவே இருந்தன.

தொடக்க நூலில் கடவுள் மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்தபோது அவனுக்கு இரண்டு பணிகளைத் தந்தார். ஒன்று பண்படுத்துவது, மற்றொன்று காப்பது. முதற்பணியில் நாம் கைதேர்ந்துவிட்டோம். மண்ணைக் கொத்துகிறோம், சமன்செய்கிறோம், கல் பதிக்கிறோம். காப்பது என்றால் வேலி போடுவது என்று மட்டுமே எண்ணுகிறோம். நம் கையால் நடாத ஒன்றை, நமக்கு உடனடி ஆதாயம் இல்லாத ஒன்றை, அது இருக்கட்டும் என்று விட்டுவைப்பதும் காப்பதே ஆகும். அதே நூலின் முதல் அதிகாரம் பசுமையான செடிகளை மனிதருக்கு மட்டும் உணவாக ஒதுக்கவில்லை. விலங்குகளுக்கும் வானத்துப் பறவைகளுக்கும் ஊர்வனவற்றிற்கும் அவற்றில் பங்கு உண்டு என்கிறது. நம் மூலையில் நிற்கும் எருக்கின் இலைகளில் ஓட்டைகள் விழுந்திருந்தால் நாம் இப்போது வருந்துவதில்லை. வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு அதை உண்டு வளர்கிறது. கறிவேப்பிலையையும் கொன்றைத் தளிரையும் உண்டு வேறு சில வளர்கின்றன. அலங்காரத்திற்கென்றே கொண்டுவரப்பட்ட குரோட்டன் இலையில் ஓட்டையே விழுவதில்லை. பார்வைக்கு அது குற்றமற்றது. ஆனால் அந்த விருந்தில் நமது ஊர்ப் பூச்சிகளுக்கு இடமில்லை.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். அப்படியானால் அயல்நாட்டுச் செடிகளெல்லாம் பகையா? இக்கேள்வியை நாம் கவனத்தோடு அணுக வேண்டும். ஏனெனில் இந்த மண்ணில் நமது நம்பிக்கையையே அயல்நாட்டுச் செடி என்று சொல்வோர் உண்டு.

இதற்கு விடை சொல்லக் குற்றாலத்தைவிடத் தகுந்த இடம் இல்லை. 1800-ஆம் ஆண்டையொட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் ஒரு நறுமணப் பயிர்த் தோட்டம் அமைத்தனர். கீழைத்தீவுகளுக்குரிய கிராம்பு இந்தியாவில் வேரூன்றியது அங்கேதான் என்பர். இன்றும் சீசன் நாள்களில் குற்றாலத்துக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கின்றன. அவையும் கடல் கடந்து வந்தவையே. நமது குழம்பில் சேரும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இவற்றை நாம் அந்நியமென்று தள்ளுவதில்லை, தள்ளவும் கூடாது. வயலோரத்துக் கதிர் ஏழைக்கு மட்டுமன்றி அந்நியருக்கும் உரியது என்றுதான் ஆண்டவர் சொன்னார்.

ஆனால் உண்ணிச்செடியும் கடல் கடந்து வந்ததுதான். அமெரிக்க வெப்பநாடுகளுக்குரிய அது 19-ஆம் நூற்றாண்டில் அழகுச் செடியாக இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. அதன் பூவிலும் வண்ணத்துப்பூச்சி தேன் உண்கிறது. அதன் கனியைப் பறவை தின்கிறது. ஆயினும் அது பரவிய இடத்தில் பிற செடிகளுக்கு இடமில்லாமல் போகிறது. தோட்டத்திலிருந்து தப்பிய அச்செடி இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பரந்து கிடக்கிறது. நமது மூலையிலும் அது தலைகாட்டும். அதை மட்டும் வேரோடு பிடுங்கிவிடுகிறோம்.

ஆக, ஒரு செடி எங்கிருந்து வந்தது என்பது முதற்கேள்வியே தவிர இறுதிக் கேள்வி அன்று. வந்த இடத்தில் அது மற்றவற்றுக்கு இடம் தருகிறதா, அல்லது இடத்தைப் பறிக்கிறதா என்பதே இறுதிக் கேள்வி. கனியைக் கொண்டே மரத்தை அறிய வேண்டும் என்று நம் ஆண்டவரும் கற்பித்தார். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தமிழ் மண்ணில் வேர்கொண்டார். புனித வளனாரைப் பாட அவர் தேம்பாவணி இயற்றியபோது யூதேயா நாட்டையே தமிழ் நிலத்தின் வளத்தோடு புனைந்தார். அவர் இங்கு வளர்ந்ததனால் தமிழ் குறையவில்லை, நிறைந்தது. நம் திருச்சபை இந்த மண்ணில் கிராம்பாக இருக்கப்போகிறதா, உண்ணிச்செடியாக இருக்கப்போகிறதா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் நம்மைக் குறைகூறுவோர் அல்லர், நாமே.

வெளியிலிருந்து வருவதை வரவேற்பவன் தன் வீட்டிலுள்ளதை மறந்துவிடலாகாது. சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். நமது மறைக்கல்வி மாணவர்களிடம் தெரிந்த பூக்களின் பெயர்களை எழுதச் சொன்னால் ரோஜா, சூரியகாந்தி, லில்லி என்று எழுதிவிட்டு எழுதுகோலைக் கடிக்கிறார்கள். குற்றாலத்து அருவிகளில் குளித்துத் திரும்பும் எத்தனை பேருக்கு, அந்த ஊரின் பெயரையே தன் அறிவியல் பெயரில் தாங்கிய நாவல் இனமொன்று உண்டு என்பது தெரியும்? இராபர்ட் வைட் என்னும் இசுகாத்துலாந்து மருத்துவர் 1830-களில் குற்றாலத்தில் செடிகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். அவருக்காகச் செடிகளை வரைந்த ரங்கையாவும் கோவிந்துவும் இந்நாட்டு ஓவியர்களே. நம் காலத்தில் இயேசு சபைக் குரு கே.எம். மத்தேயு, திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராப்பினாட் உலர்தாவரக் காப்பகத்தை உருவாக்கினார். 2004-இல் இறக்கும்வரை தமிழகத்துத் தாவரங்களை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு, விளக்கி, தொகுதி தொகுதியாக எழுதி வைத்தார். ஏதேனில் ஆதாம் உயிரினங்களுக்குப் பெயரிட்ட பணியின் தொடர்ச்சி அது. பெயர் தெரியாத ஒன்றின்மேல் அன்பு கொள்வது அரிது. பெயர் தெரியாததை வெட்டுவதோ எளிது.

களைகளைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையையும் இங்கு நினைத்துப் பார்க்கிறோம். வேலையாள்கள் களையைப் பிடுங்க அவசரப்படுகிறார்கள். வீட்டுத் தலைவர் தடுக்கிறார். களை என்று ஒன்று இல்லவே இல்லை என்று அவர் சொல்லவில்லை. பிடுங்கும் கைகளின் அவசரத்தையே அவர் நம்பவில்லை. முளைவிட்ட சிறு பருவத்தில் மகிழங்கன்றும் களையும் ஒன்றுபோலவே தோன்றும். சில மாதங்கள் பொறுத்திருந்தால் எது எது என்று செடியே சொல்லிவிடும். மனிதரைப் பொறுத்தவரை இந்தப் பொறுமை எவ்வளவு காலம் நீள வேண்டும் என்பதைப் பங்குப் பணியில் பல்லாண்டுகள் கழித்தோர் அறிவர்.

பேரவையின் முடிவைச் சொல்ல வேண்டும் அல்லவா? விழா நாளில் சப்பரம் சுற்றிவரும் பாதைக்கு மட்டும் ஆறடி அகலத்தில் கல் பதிப்பது என்றும், மூலையை அப்படியே விடுவது என்றும் தீர்மானித்தோம். பாம்பு பற்றிய அச்சத்தைப் புறக்கணிக்கவில்லை. சுவரோரம் கிடந்த செங்கல் குவியலையும் உடைந்த ஓடுகளையும் அகற்றினோம். நடுவே ஒரு நடைவழியைப் பெருக்கித் தூய்மையாக வைத்திருக்கிறோம். சிறுவர்கள் பெரியவர் துணையோடு மட்டுமே செல்கிறார்கள். கொடை தந்த அன்பருக்கு இன்றும் முழு மனநிறைவு இல்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் 'உங்கள் காடு எப்படி இருக்கிறது, சாமி?' என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். ஆயினும் ஒரு முறை அவர் மகிழம்பூ பொறுக்கித் தம் தாயாரின் கல்லறையில் வைப்பதைக் கண்டோம். நாம் எதுவும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

2023 திசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். நமது வளாகத்தில் வெறுமையாகக் கிடந்த முன்புறத்து மண் செந்நீராய்த் தெருவுக்கு ஓடியது. மூலையில் மண் அசையவில்லை. நொச்சியும் ஆவாரையும் பெயர் தெரியாத புல்லும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அதைப் பிடித்து வைத்திருந்தன. எளியவை எளியவற்றின் கைபிடித்து நிற்பதே ஒரு பங்கின் வலிமை என்பதை அன்று அந்த மூலையில் கண்டோம்.

இதை வாசிக்கும் இறைமக்களில் பலருக்குப் பத்துச் சென்ட் நிலம் இருக்காது. வீட்டின் பின்புறத்தில் இரண்டு முழம் இடம் இருக்கலாம். மாடியில் ஒரு தொட்டி இருக்கலாம். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் ஓரமாவது இருக்கும். செப்டம்பர் முதல் நாளைப் படைப்பின் பாதுகாப்புக்காக மன்றாடும் நாளாகத் திருச்சபை கடைப்பிடிக்கிறது. அசிசியாரின் திருநாளான அக்டோபர் 4 வரை அது ஒரு காலமாகவே நீள்கிறது. அதை ஒரு கன்று நடும் விழாவோடும் ஒரு நிழற்படத்தோடும் முடித்துவிடாதீர்கள். ஐப்பசி மழையில் உங்கள் மண்ணின் மரமொன்றை நடுங்கள். அதற்கு அருகில் சிறிதளவு இடத்தை எதுவும் நடாமல் விட்டுவையுங்கள். அங்கே என்ன முளைக்கிறது என்று ஓர் ஆண்டு பொறுத்துப் பாருங்கள். அதன் பெயரை உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். பாட்டி இல்லையெனில் ஊரில் ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். யாரேனும் நான்கு இலை பறிக்க வந்தால் கதவைத் திறந்து விடுங்கள். நாம் முழுவதும் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவைக்கும் அந்த ஓரத்தில்தான் ஏழைக்கும் பறவைக்கும் இறைவனுக்கும் இடம் கிடைக்கிறது.